யுகத்தான் தீபகற்பத்தில் பேருந்துப் பயணம்: மாயா நகரங்களிலிருந்து கரீபியக் கடற்கரை வரை, முதுகுப்பைப் பயணிகளுக்கான முழுமையான வழிகாட்டி

மெக்சிகோவின் தென்கிழக்கு மூலையில், ஒருபுறம் மெக்சிகோ வளைகுடாவும் மறுபுறம் கரீபியக் கடலும் சூழ்ந்திருக்கும் யுகத்தான் தீபகற்பத்துக்குச் செல்வோரில் பெரும்பாலோர் ஒரே முறையைப் பின்பற்றுகின்றனர். கான்கூனிலோ துலுமிலோ கடலோர விடுதியில் வாரம் முழுவதும் தங்கி, ஒருநாள் மட்டும் சுற்றுலாப் பேருந்தில் ஏறி, முற்பகல் முடியும் வேளையில் பழங்கால மாயா மக்களின் இடிந்த நகரமான சிச்சேன் இட்சாவில் இறங்கி, உச்சிவெயிலில் பெருங்கூட்டத்தோடு பிரமிடின் முன் நின்று படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகின்றனர். அப்படிச் சென்றவர்கள் பின்னர் "இடிபாடுகளில் பார்க்க ஒன்றுமில்லை, வெயில்தான் மிச்சம்" என்று சொல்வதில் வியப்பில்லை.

இந்த வழிகாட்டி அதற்கு நேர்மாறான முறையை விளக்குகிறது. கடற்கரையில் தங்கிக்கொண்டு இடிபாடுகளுக்குப் போய்வருவதை விட்டுவிட்டு, இடிபாடுகளுக்கு அருகிலுள்ள உள்நாட்டு ஊர்களில் இரவு தங்கி, காலை வாயில் திறக்கும்போதே உள்ளே நுழைந்து, வெயில் ஏறிய பிறகு பேருந்தில் ஏறிக்கொள்ள வேண்டும். கடலைப் பயணத்தின் பிற்பாதிக்கு ஒதுக்க வேண்டும். இதற்குச் சொந்த வாகனமோ முகவரோ தேவையில்லை. இரண்டரை வாரமும், ஒரு முதுகுப்பையும், பேருந்து அட்டவணையைப் படிக்கும் பொறுமையும் போதும்.

முதற்படி: பருவத்தைத் தேர்ந்தெடுத்தல்

நவம்பர் முதல் ஏப்ரல் வரை மழை குறைந்த காலம். ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை அட்லாண்டிக் புயல் பருவம். 1988இல் கில்பர்ட்டும் 2005இல் வில்மாவும் இக்கரையைத் தாக்கியவை. புயல் பருவத்தில் போகவே கூடாது என்பதில்லை, ஆனால் திரும்பும் விமானச் சீட்டை மாற்றிக்கொள்ளும் வசதியோடு வாங்குவது நல்லது.

புயலைவிட அடிக்கடி பயணத்தைக் கெடுப்பது சர்காசம் என்னும் பழுப்புநிறக் கடற்பாசி. 2011 முதல் அட்லாண்டிக்கின் வெப்பமண்டலப் பகுதியில் பெருமளவில் பெருகிவரும் இப்பாசி, பெரும்பாலும் வசந்தத்தின் இறுதியிலும் கோடையிலும் கரீபியக் கரையில் குவிந்து அழுகி முட்டை நாற்றம் வீசும். துலுமும் மஹாவாலும் கிழக்கு நோக்கித் திறந்த கரைகள் என்பதால் அவற்றில் பாதிப்பு மிகுதி. இஸ்லா முஹேரெஸ் தீவின் வடகரையிலும், கொசுமேல் தீவின் மேற்குக் கரையிலும் பொதுவாகக் குறைவு. மெக்சிகோ வளைகுடாவை நோக்கிய ப்ரோக்ரெசோ, செலெஸ்தூன் போன்ற ஊர்களுக்கு இத்தொல்லை அநேகமாக இல்லை, ஆனால் அங்கு நீர் அந்தப் பச்சை கலந்த நீலநிறத்தில் இருக்காது. நீரின் நிறத்துக்காகவே செல்பவர் டிசம்பர், ஜனவரி, பிப்ரவரி மாதங்களைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அப்போது விடுதிக் கட்டணம் உயர்ந்திருக்கும் என்பதையும் ஏற்றுக்கொள்ள வேண்டும். என்னைக் கேட்டால் நவம்பரின் பிற்பாதியைச் சொல்வேன்: மழை ஓய்ந்து காடு இன்னும் பசுமையாக இருக்கும், கூட்டமும் வந்து சேர்ந்திருக்காது.

இரண்டாம் படி: வழித்தடத்தை இடஞ்சுழியாக அமைத்தல்

கான்கூனில் இறங்கியதும் கடலைப் பார்க்காமலேயே மேற்கே வயடோலிட் நகருக்குச் செல்லுங்கள். அங்கு மூன்று இரவுகள். அடுத்து மெரிடாவில் நான்கு, கம்பேச்சேயில் ஒன்று, பலெங்கேயில் இரண்டு. பிறகு தீபகற்பத்தின் அடிப்பகுதியைக் குறுக்கே கடந்து பக்கலார் ஏரிக்கரையில் மூன்று, துலுமில் இரண்டு, இறுதியாக இஸ்லா முஹேரெஸ் தீவில் இரண்டு. ஆக மொத்தம் 17 இரவுகள், ஏழு தங்குமிடங்கள்; பலெங்கேயிலிருந்து பக்கலாருக்குப் பேருந்தில் கழியும் ஓரிரவு இதில் சேராது. பத்து நாள்கள் மட்டுமே உள்ளவர் கம்பேச்சேயையும் பலெங்கேயையும் விட்டுவிட்டு, மெரிடாவிலிருந்து நேராக பக்கலாருக்கு இறங்கி, மற்ற ஊர்களில் ஓரிரவைக் குறைத்துக்கொள்ளலாம். பேருந்து வசதி அதற்கும் உண்டு.

இந்தத் திசையைப் பரிந்துரைக்கக் காரணங்கள் உண்டு. நடை மிகுந்த பகுதி உடல் தெம்பாக இருக்கும் முதல் பத்து நாள்களில் முடிந்துவிடுகிறது. கடல், விமான நிலையத்துக்கு அருகிலேயே முடிவில் வருகிறது. ஆகவே ஒரு பேருந்து தவறினாலும் விமானம் தவறாது. தினமும் இடம் மாறுவது சிக்கனம் என்று நினைப்பது பிழை. ஒவ்வொரு இடமாற்றமும் பை கட்டுதல், நிலையத்துக்கு நடத்தல், அறை திறக்கும்வரை காத்திருத்தல் என்று அரை நாளைத் தின்றுவிடும்.

மூன்றாம் படி: ஆவணமும் பணமும் பையும்

இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டு உடையோருக்கு மெக்சிகோ விசா தேவை. எனினும் அமெரிக்கா, கனடா, பிரிட்டன், ஜப்பான், ஷெங்கன் நாடுகள் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்றின் செல்லத்தக்க விசா வைத்திருப்போருக்கு அத்தேவையிலிருந்து விலக்கு அளிக்கப்பட்டு வந்துள்ளது. விதிகள் மாறக்கூடியவை என்பதால், சீட்டு வாங்குமுன் மெக்சிகோ தூதரகத்தின் அறிவிப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். நுழையும் இடத்தில் அதிகாரி 180 நாள் வரை அனுமதி தரலாம். ஆனால் உங்கள் முத்திரையில் எத்தனை நாள் எழுதப்பட்டுள்ளது என்பதை மேசையை விட்டு நகருமுன்பே படித்துப் பாருங்கள்.

நாணயம் பெசோ. கான்கூனில் டாலர் வாங்குவார்கள். ஆனால் அவர்கள் சொல்லும் மாற்று விகிதம் அவர்களுக்கே இலாபமானது. வங்கிக் கட்டடத்துக்குள் இருக்கும் ஏடிஎம்மில் பெசோ எடுத்து, "உங்கள் நாட்டு நாணயத்தில் கணக்கிடலாமா" என்று திரை கேட்கும்போது மறுத்துவிடுங்கள். மறுத்தாலும் பணம் வரும், உங்கள் வங்கியின் விகிதத்தில் வரும். சிறு வேன்கள், ஊர்ச் சந்தைகள், சில தொல்லியல் களங்களின் நுழைவுச் சாளரங்கள் ஆகியவற்றுக்கு ரொக்கமே வேண்டும். சிறு நோட்டுகளைத் தனியே சேர்த்துவையுங்கள், ஏனெனில் காலை ஏழு மணிக்கு 500 பெசோ நோட்டுக்குச் சில்லறை தரும் வேன் ஓட்டுநரை நான் இன்னும் சந்திக்கவில்லை.

பை 40 லிட்டருக்கு மேல் வேண்டாம். மெல்லிய முழுக்கைச் சட்டை, அகல விளிம்புத் தொப்பி, பிடிமானமுள்ள காலணி, விரைவில் உலரும் துண்டு, கொசு விரட்டி ஆகியவை கட்டாயம். நீச்சலுக்கு முழுக்கை நீச்சல் சட்டை ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். கிணற்றுக் குளங்களிலும் பக்கலார் ஏரியிலும் வெயில் களிம்பு பூசிக்கொண்டு இறங்கக்கூடாது என்பதால் அது மிகவும் பயன்படும். வெப்பமண்டலத்துக்குக் கம்பளிச் சட்டை எதற்கு என்று கேட்காதீர்கள். விடை அடுத்த படியில் இருக்கிறது.

நான்காம் படி: பேருந்துகளைப் புரிந்துகொள்ளுதல்

தீபகற்பத்தின் நெடுந்தூரப் பேருந்துகளில் பெரும்பகுதி ஏடிஓ குழுமத்தைச் சேர்ந்தது. உள்ளூர் மக்கள் அதை "ஆ தே ஓ" என்று உச்சரிப்பார்கள். இதன் முதல் வகுப்புப் பேருந்துகளில் இருக்கை எண் உண்டு, கழிப்பறை உண்டு, வழியில் நிறுத்தம் குறைவு. குளிர்சாதனமோ இரக்கமற்றது, நான்கு மணி நேரம் அதில் உட்கார்ந்தவர் கம்பளிச் சட்டையைக் கேலி செய்ய மாட்டார். இதே குழுமத்தின் மேல்வகுப்புகளில் இருக்கை இன்னும் அகலமாக இருக்கும். இரவுப் பயணத்துக்கு மட்டும் அந்தக் கூடுதல் செலவு தகும். மயாப், ஓரியெந்தே போன்ற இரண்டாம் வகுப்புப் பேருந்துகள் சிற்றூர்கள்தோறும் நின்று செல்லும். விலை குறைவு, நேரம் மிகுதி, ஆனால் முதல் வகுப்பு நிற்காத பல தொல்லியல் களங்களின் வாயிலுக்கு அவையே செல்கின்றன.

சீட்டை முன்னதாக வாங்கினால் விலை குறைவதுண்டு. செயலியும் இணையதளமும் இருந்தாலும் வெளிநாட்டு வங்கி அட்டைகளை அவை பல நேரம் மறுத்துவிடும். எனவே ஓர் ஊரில் இறங்கியவுடன் நிலையத்தை விட்டு வெளியேறுமுன்பே அடுத்த ஊருக்கான சீட்டைச் சாளரத்தில் வாங்கிவிடுவதே எளிது. விற்பவர் திரையை உங்கள் பக்கம் திருப்பி இருக்கையைத் தேர்ந்தெடுக்கச் சொல்வார். கழிப்பறை பின்புறம் என்பதால் முன்பாதியைத் தேர்ந்தெடுங்கள். குளிர்கால மாதங்களில் சூரியன் தெற்கே சாய்ந்திருப்பதால், மேற்கு நோக்கிச் செல்லும்போது வலப்புறமும், காலையில் வடக்கு நோக்கிச் செல்லும்போது இடப்புறமும் நிழல் இருக்கும். பெரிய பையைக் கீழறையில் கொடுக்கும்போது ஓர் அடையாளச் சீட்டைக் கிழித்துத் தருவார்கள். அதைக் காட்டினால்தான் பை திரும்பக் கிடைக்கும். கடவுச்சீட்டு, பணம், தொலைபேசி ஆகியவை இருக்கும் சிறுபை எப்போதும் மடியில் இருக்கட்டும், தலைக்கு மேலுள்ள தட்டில் வேண்டாம்.

அடுத்தது கொலெக்தீவோ எனப்படும் பங்கு வேன். கான்கூன், பிளாயா தெல் கார்மென், துலும் ஆகியவற்றை இணைக்கும் கரையோர நெடுஞ்சாலையிலும், வயடோலிட் போன்ற உள்நாட்டு ஊர்களிலும் இவை ஓடுகின்றன. அட்டவணை கிடையாது, ஆள் நிரம்பினால் புறப்படும். இறங்குமிடம் நெருங்கும்போது "ஆக்கி, போர் ஃபவோர்" என்று உரக்கச் சொன்னால் நிறுத்துவார்கள். கட்டணம் இறங்கும்போது கொடுப்பது வழக்கம். பெரிய பைகளுக்கு இடம் குறைவு என்பதால், ஊர் மாறப் பேருந்து, ஊரிலிருந்து களத்துக்குப் போய்வர கொலெக்தீவோ என்று வகுத்துக்கொள்ளுங்கள்.

கடிகாரத்தைப் பற்றி ஓர் எச்சரிக்கை. கான்கூன், துலும், பக்கலார் அடங்கிய குவிந்தானா ரோ மாநிலம் 2015 முதல் தனி நேர மண்டலத்தில் உள்ளது. வயடோலிட், மெரிடா அடங்கிய யுகத்தான் மாநிலத்தைவிடவும், கம்பேச்சே, சியாபாஸ் மாநிலங்களைவிடவும் அது ஒரு மணி நேரம் முந்தியது. 2022இல் மெக்சிகோ கோடைகால நேர மாற்றத்தைப் பெரும்பாலும் கைவிட்டதால் இவ்வேறுபாடு ஆண்டு முழுவதும் மாறாது. சீட்டில் அச்சிட்ட புறப்பாட்டு நேரம் புறப்படும் ஊரின் நேரம். முதல் பயணத்தில் கைக்கடிகாரத்தை மாற்ற மறந்த நான், வயடோலிடில் கொலெக்தீவோ நிற்குமிடத்துக்கு ஒரு மணி நேரம் முன்பே போய், ஓட்டுநர்கூட வராத தெருவில் நின்றேன். மேற்கே போனதால் தப்பினேன். கிழக்கே திரும்பும்போது அதே மறதி நேர்ந்திருந்தால் பேருந்து போய்விட்டிருக்கும்.

மாயா ரயிலைப் பற்றியும் கேட்பீர்கள். 2023 டிசம்பரில் முதற்பகுதி தொடங்கி, 2024 டிசம்பரில் 1,554 கிலோமீட்டர் சுற்றும் முழுமையானது. ஆனால் பல நிலையங்கள் ஊருக்கு வெளியே வெகுதூரத்தில் இருப்பதால், இறங்கிய பின் இன்னொரு வண்டி தேட வேண்டும். பேருந்து நிலையங்களோ பெரும்பாலும் ஊர்நடுவில் உள்ளன. பயணச் சுமையோடு இருப்பவருக்கு இந்த ஒரு காரணமே போதும்.

ஐந்தாம் படி: வயடோலிடும் சிச்சேன் இட்சாவும்

விமான நிலையத்தில் வெளியே வந்ததும் "பேருந்து போய்விட்டது", "இன்று பேருந்து இல்லை" என்று சொல்லும் வாடகை வண்டிக்காரர்களைக் கடந்து, ஏடிஓ சாளரத்துக்கு நேராகச் செல்லுங்கள். கான்கூன் நகர நிலையத்துக்கு அங்கிருந்து பேருந்துகள் அடிக்கடி உள்ளன. நகர நிலையத்தில் மாறினால் ஏறத்தாழ 160 கிலோமீட்டர் தொலைவிலுள்ள வயடோலிடை இரண்டு அல்லது இரண்டரை மணி நேரத்தில் அடையலாம்.

வயடோலிட் 1543இல் ஸ்பானியர் நிறுவிய நகரம். அதன் நடுவிலேயே சசி என்னும் செனோத்தே உள்ளது. யுகத்தான் முழுவதும் சுண்ணாம்புப் பாறையால் ஆன தட்டை நிலம்; பெய்யும் மழை பாறைக்குள் இறங்கிவிடுவதால் வடபகுதியில் மேற்பரப்பு ஆறுகளே இல்லை. நிலத்தடி நீரோட்டம் குடைந்த குகைகளின் கூரை இடிந்த இடங்களே செனோத்தே எனப்படும் இயற்கைக் கிணறுகள். மாயா மக்கள் குடிநீருக்கு நம்பியிருந்தவை இவையே. "இட்சா மக்களின் கிணற்று வாய்" என்பதுதான் சிச்சேன் இட்சா என்ற பெயரின் பொருள். பிரமிடைக் கட்டிய கல்லும் இதே சுண்ணாம்பு; பயணத்தின் முடிவில் நீங்கள் கால் வைக்கப்போகும் வெண்மணலும் சிப்பியும் பவளமும் பொடிந்த அதே சுண்ணாம்புப் பொருள்தான். வெயிலிலும் அம்மணல் காலைச் சுடாமலிருப்பதற்கு ஒளியைத் திருப்பி அனுப்பும் அந்த வெண்மையும் ஒரு காரணம்.

இரண்டாம் நாள் காலையில் முதல் கொலெக்தீவோவைப் பிடித்து, 45 கிலோமீட்டர் தொலைவிலுள்ள சிச்சேன் இட்சாவுக்குச் செல்லுங்கள். வாயில் எட்டு மணிக்குத் திறக்கும். கட்டணம் இரு பகுதிகளைக் கொண்டது: ஒன்று மாநில அரசுக்கு, மற்றொன்று தேசிய மானுடவியல் வரலாற்று நிறுவனத்துக்கு. இரண்டு சீட்டும் இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள். வெளிநாட்டவருக்கு இரண்டும் சேர்ந்து 600 பெசோவைத் தாண்டும். இந்தப் பயணத்தின் விலை மிகுந்த நுழைவுகளில் இதுவும் ஒன்று என்பதை வரவு செலவில் முன்பே எழுதிவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை மெக்சிகோ குடிமக்களுக்கு இலவசம் என்பதால் அன்று கூட்டம் பெருகும்.

உள்ளே நுழைந்ததும் முதல் அரை மணி நேரம் எல் கஸ்தீயோ என்றழைக்கப்படும் குகுல்கான் பிரமிடுக்கு மட்டும். நான்கு பக்கமும் 91 படிகள். உச்சி மேடையையும் ஒரு படியாகச் சேர்த்தால் 365, அதாவது ஓர் ஆண்டின் நாள்கள். வடக்குப் படிக்கட்டின் அடியில் பாம்புத் தலைகள் உள்ளன. மார்ச், செப்டம்பர் மாதங்களில் பகலும் இரவும் சமமாகும் நாள்களின் பிற்பகலில், அடுக்குகளின் நிழல் கைப்பிடிச் சுவரில் விழுந்து பாம்பின் உடல்போல் தோன்றும். அந்த நாளிலேயே போக ஆசைப்பட வேண்டாம். ஓரிரு நாள் முன்பின் சென்றாலும் அதே நிழலைக் கூட்டமின்றிக் காணலாம். படிக்கட்டுக்கு எதிரே நின்று கைதட்டினால் எதிரொலி பறவையின் கீச்சொலிபோல் திரும்பும். ஏறுவதற்கு 2006 முதல் தடை.

பிரமிடுக்குப் பின் பந்தாட்டக் களத்துக்குச் செல்லுங்கள். நீளம் 168 மீட்டர், அகலம் ஏறத்தாழ 70 மீட்டர்; சுவரில் உயரே பதித்த கல்வளையங்களையும், கீழே தலை துண்டிக்கப்பட்ட ஆட்டக்காரரின் கழுத்திலிருந்து குருதி பாம்புகளாகப் பாயும் சிற்பத்தையும் அவசரமின்றிப் பாருங்கள். பிறகு வடக்கே புனிதக் கிணறு, தெற்கே வானாய்வுக் கூடம் எனக் கருதப்படும் வட்டக் கட்டடம். பதினொரு மணியளவில் கடற்கரையிலிருந்து வரும் சுற்றுலாப் பேருந்துகள் நிறுத்துமிடத்தை நிரப்பத் தொடங்கும்போது நீங்கள் வெளியேறிக்கொண்டிருக்க வேண்டும். பிற்பகலை ஏதேனும் ஒரு செனோத்தேயில் கழிக்கலாம். இறங்குமுன் குழாயடியில் குளித்துக் களிம்பையும் கொசு விரட்டியையும் கழுவிவிடுவது விதி. ஊரார் இன்றும் நம்பியிருக்கும் நிலத்தடி நீர் அது.

மூன்றாம் நாளுக்கு எக் பலாம் ஏற்றது. வயடோலிடுக்கு வடக்கே உள்ள இக்களத்துக்குப் பங்கு வாடகைக் கார்கள் நான்கு பேர் சேர்ந்ததும் புறப்படும். அங்குள்ள அக்ரோபொலிஸ் மேட்டின் நடுவே, பிளந்த அரக்க வாயைப்போல் அமைந்த வாயிலைச் சுற்றிலும் சுதைச் சிற்பங்கள் பெரிதும் சிதையாமல் நிற்கின்றன. நிலத் தகராறு காரணமாக இக்களம் சில காலம் மூடப்பட்டதுண்டு. முந்தைய மாலை விடுதியில் விசாரித்துக்கொள்வது நலம்.

ஆறாம் படி: மெரிடாவை மையமாகக் கொண்டு உஷ்மால்

மெரிடா பெரிய நகரமாயினும் வழி தவறாது. பழைய நகரில் வடக்கு தெற்காகச் செல்லும் தெருக்களுக்கு இரட்டைப்படை எண், கிழக்கு மேற்காகச் செல்பவற்றுக்கு ஒற்றைப்படை எண். ஆனால் பேருந்து நிலையங்கள் பல. முதல் வகுப்பு, இரண்டாம் வகுப்பு, ப்ரோக்ரெசோ கடற்கரைக்கான பேருந்து, செலெஸ்தூன் பக்கம் செல்பவை என ஒவ்வொன்றுக்கும் தனித்தனி இடம். "பேருந்து நிலையம்" என்று மட்டும் கேட்டால் தவறான இடத்துக்கு அனுப்பப்படுவீர்கள். செல்ல வேண்டிய ஊரின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள்.

உஷ்மால் ஏறத்தாழ 80 கிலோமீட்டர் தெற்கே உள்ளது. இரண்டாம் வகுப்புப் பேருந்துகள் நாளுக்குச் சிலவே. போகும் பேருந்தைவிடத் திரும்பும் பேருந்தின் நேரமே முக்கியம். அதைச் சாளரத்தில் எழுதி வாங்கிக்கொண்டு, நெடுஞ்சாலையோரம் இருபது நிமிடம் முன்பே நின்று கைகாட்ட வேண்டும். இத்தனை சிரமமும் தகும். 1996இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த இந்நகரம், என் கருத்தில், சிச்சேன் இட்சாவைவிட அழகியது. இப்பகுதியில் செனோத்தே அரிது என்பதால் மக்கள் மழைநீரைச் சுல்தூன் என்னும் நிலத்தடித் தொட்டிகளில் சேமித்தனர். மழையே உயிராதாரமாக இருந்ததால் மழைக் கடவுள் சாக்கின் வளைந்த மூக்கு முகங்கள் சுவர்தோறும் அடுக்கடுக்காகப் பதிக்கப்பட்டுள்ளன. ஏறத்தாழ 35 மீட்டர் உயரமுள்ள மந்திரவாதியின் பிரமிடு, மாயாக் கட்டடங்களில் அரிதான நீள்வட்ட அடித்தளம் கொண்டது. ஆளுநர் மாளிகையின் மேற்சுவரில், தனித்தனியே செதுக்கிய ஆயிரக்கணக்கான கற்களைப் பொருத்தி அமைத்த கோலத்தை, வெயில் சாய்வாக விழும் காலையில் பாருங்கள். நிழல் இல்லாத நண்பகலில் அதே சுவர் வெறும் சாம்பல் நிறமாகத் தெரியும்.

மெரிடாவின் மற்ற நாள்களில் ஒன்றைக் கடலுக்குக் கொடுக்கலாம். சுமார் 36 கிலோமீட்டர் தொலைவிலுள்ள ப்ரோக்ரெசோவில் மாலை நேரம் உள்ளூர்க் குடும்பங்களோடு கழியும். மேற்கே செலெஸ்தூனில் பூநாரைகளைப் படகிலிருந்து காணலாம். நகரச் சந்தையில் சற்றுக் காது கொடுத்தால் ஸ்பானியத்துக்கு நடுவே மாயா மொழி கேட்கும். அம்மொழியை இன்றும் ஏழு லட்சத்துக்கும் மேற்பட்டோர் பேசுகின்றனர். "மறைந்துபோன மாயா மக்கள்" என்று சுற்றுலாத் துண்டறிக்கை கூறுவதை நம்பவேண்டாம். சைவ உணவு உண்போர், அவரை மசியலில் பன்றிக் கொழுப்பு சேர்ப்பது வழக்கம் என்பதை அறிந்து, "சின் மந்தேக்கா" என்று சொல்லிக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

ஏழாம் படி: கம்பேச்சே வழியாக பலெங்கே

கம்பேச்சே மெரிடாவிலிருந்து இரண்டரை மணி நேரம். கடற்கொள்ளையருக்கு அஞ்சிக் கட்டிய கோட்டை மதில்கள் சூழ்ந்த நகரம். ஒரு மாலையும் ஒரு காலையும் போதும். நீண்ட பயணத்தை இரண்டாக முறிக்கவே இவ்வூரைச் சேர்த்தேன்.

அடுத்த நாள் ஐந்தாறு மணி நேரப் பயணத்தில் சியாபாஸ் மாநிலத்தின் பலெங்கேயை அடைவீர்கள். இம்மாநிலத்தில் சாலை மறியல்கள் அவ்வப்போது நிகழும். பகல்நேர முதல் வகுப்புப் பேருந்தையே எடுத்து, முந்தைய நாள் நிலையத்தில் நிலவரம் கேளுங்கள். ஊரிலிருந்து களம் எட்டுக் கிலோமீட்டர். கொலெக்தீவோக்கள் இடைவிடாது செல்கின்றன. தட்டை நிலத்தில் பல நாள் நடந்த கால்களுக்கு மலைச்சரிவும் அடர்காடும் வேறோர் உலகமாகத் தோன்றும். குரங்குகளின் உறுமலைக் கேட்டுச் சிறுத்தை என்று நினைப்போர் பலர்.

இங்கு முதன்மையானது கல்வெட்டுகளின் கோயில். அதன் தளக்கல் ஒன்றில் இருந்த துளைகளைக் கவனித்த தொல்லியலாளர் அல்பெர்தோ ரூஸ் லுயியே அக்கல்லைத் தூக்கச் செய்தார். அடியில் கற்குவியலால் அடைக்கப்பட்ட படிக்கட்டு இருந்தது. அதைத் துப்புரவாக்கச் சில பருவங்கள் பிடித்தன. 1952இல் அடியை எட்டியபோது, 615 முதல் 683 வரை ஆண்ட பகால் மன்னனின் கல்லறை கிடைத்தது. அதன் மூடிக்கல் இன்றும் அறையிலேயே உள்ளது. பயணிகள் அங்கு இறங்க முடியாது என்பதால், கள அருங்காட்சியகத்திலுள்ள படிவத்தைப் பார்த்துவிட்டு வாருங்கள். காலணி வழுக்கும் களம் இது ஒன்றே. மழைக்குப் பின் பாசி படிந்த படிகளில் பக்கவாட்டாக இறங்குங்கள்.

எட்டாம் படி: குறுக்கே கடத்தல்

பலெங்கேயிலிருந்து பக்கலாருக்குச் செல்லும் பேருந்து இப்பயணத்தின் ஒரே இரவுப் பேருந்து. ஏழெட்டு மணி நேரம் பிடிக்கும். கிழக்கே செல்வதால் கடிகாரத்தில் ஒரு மணி நேரம் மறையும். விடுதியிடம் காலையிலேயே பையை வைத்துக்கொள்ளச் சம்மதம் கேட்டுவிடுங்கள். வழியில் சோதனைச் சாவடிகளில் அதிகாரிகள் ஏறி அடையாளம் கேட்கலாம் என்பதால், நகலை நம்பாமல் கடவுச்சீட்டைக் கையெட்டும் தூரத்தில் வையுங்கள்.

இவ்வழியிலுள்ள ஷ்புஹில் ஊரில் இறங்குவோர் கலக்முல்லைக் காணலாம். 45 மீட்டரைக் கடந்த பிரமிடுகள் காட்டின் முகட்டுக்கு மேல் எழும் அந்நகரத்துக்கு, நெடுஞ்சாலையிலிருந்து 60 கிலோமீட்டர் காட்டுச்சாலையில் செல்ல வேண்டும், பேருந்து கிடையாது. வண்டி வாடகையைப் பகிர்ந்துகொள்ளத் துணை கிடைத்தால் மட்டுமே இரண்டு நாள் கூடுதலாக ஒதுக்குங்கள்.

ஒன்பதாம் படி: பக்கலார்

பக்கலார் கடலன்று, நன்னீர் ஏரி. வெண்சுண்ணாம்புத் தரையின் மேல் ஆழம் மாற மாற நீரின் நீலமும் மாறுவதால் ஏழு நிற ஏரி என்கின்றனர். கரையோரம் பாறைபோல் தெரியும் திட்டுகள் ஸ்ட்ரோமடோலைட்டுகள். நுண்ணுயிர்கள் அடுக்கடுக்காகக் கட்டும் உயிருள்ள அமைப்புகள். அவற்றின்மீது நிற்காதீர்கள், தொடாதீர்கள். விசைப்படகைத் தவிர்த்துப் பாய்மரப் படகிலோ துடுப்புப் படகிலோ செல்லுங்கள். காலையில் காற்று எழுமுன் நீர் அசையாதிருக்கும். துணி துவைக்கவும், தூங்கவும், ஒன்றும் செய்யாமலிருக்கவும் மூன்று இரவுகள் தேவைப்படும்.

பத்தாம் படி: துலுமும் கோபாவும்

துலுமுக்குச் சுமார் மூன்று மணி நேரம். இங்கு ஊரும் கடற்கரையும் தனித்தனி. இடையே சில கிலோமீட்டர். ஊரில் மலிவான அறையெடுத்து மிதிவண்டி வாடகைக்கு எடுப்பதே முதுகுப்பைப் பயணிக்கு ஏற்றது. கடலைப் பார்த்த செங்குத்துப் பாறைமேல் நிற்கும் மதில் சூழ்ந்த துலும் நகரை 1518இல் ஹுவான் தே கிரிஹால்வாவின் கப்பல்கள் கடலிலிருந்து கண்டன. கட்டடங்கள் சிறியவை, சிச்சேன் இட்சாவைக் கண்ட கண்ணுக்கு ஏமாற்றமாகலாம், ஆனால் கடற்பின்னணி வேறெங்கும் கிடைக்காது. களம் இப்போது ஹாகுவார் பூங்காவுக்குள் அடங்கியிருப்பதால் களக் கட்டணத்தோடு வேறு கட்டணங்களும் சேரும்; வாயிலுக்குச் செல்லும் வழியில் சீருடைபோன்ற உடையணிந்து தடுத்து நிறுத்திச் சுற்றுலா விற்பவர்களிடம் எதையும் வாங்கவேண்டாம்.

மறுநாள் கோபா. 45 கிலோமீட்டர் உள்நாட்டில், 42 மீட்டர் உயர நோஹோச் மூல் பிரமிடும், சக்பே எனப்படும் வெண்சாலைகளும் உள்ளன. அவற்றுள் ஒன்று ஏறத்தாழ 100 கிலோமீட்டர் நீண்டு யஷுனா என்னும் மற்றொரு மாயா நகரை எட்டியது. களம் பரந்தது என்பதால் உள்ளேயே மிதிவண்டி வாடகைக்குத் தருகிறார்கள். மர நிழலில் மிதித்துச் செல்லும் பழைய சாலை, கடலுக்கு முன் நீங்கள் காணும் கடைசி இடிபாடு.

பதினொன்றாம் படி: தீவும் திரும்புதலும்

துலுமிலிருந்து கான்கூன் 130 கிலோமீட்டர். நகர நிலையத்திலிருந்து புவெர்த்தோ ஹுவாரெஸ் துறைக்குச் சென்று படகேறினால் இருபது நிமிடத்தில் இஸ்லா முஹேரெஸ். வடகரை ஆழமற்றது, அலை குறைவானது, நடந்தே வெகுதூரம் செல்லலாம். மேற்கே கடலுக்குள் கதிரவன் மறைவதையும் இங்கிருந்து காணலாம். தெற்கு முனையில் இஷ்செல் தெய்வத்துக்குரிய சிறு கோயிலின் எச்சம் நிற்கிறது.

புறப்படும் நாளில் படகு, துறையிலிருந்து நகர நிலையம், அங்கிருந்து விமான நிலையப் பேருந்து என மூன்று கட்டங்கள் உள்ளன. பன்னாட்டு விமானத்துக்கு ஐந்தரை மணி நேரம் முன்பே தீவை விட்டுக் கிளம்புங்கள். பேருந்து எந்த முனையத்தில் முதலில் நிற்கும் என்பதை ஏறும்போதே ஓட்டுநரிடம் கேளுங்கள், முனையங்கள் ஒன்றுக்கொன்று நடக்கும் தூரத்தில் இல்லை. ஈரத்துணியை முந்தைய மாலையே காயவைத்துவிடுங்கள். கடற்காற்றில் இரவு முழுவதும் தொங்கினாலும் உலராது.